வாஷிங் மெஷினும் ஒரு கம்ப்யூட்டர்தான்!

கம்ப்யூட்டர் பத்திரிகையில் வாஷிங் மெஷினுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பது புரிகிறது. முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்த ஃப்ரண்ட் லோடிங் மெஷினைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு இருக்கும். அதில் ஒரு மைக்ரோ கன்ட்ரோலர் சிப், அந்தச் சிப்புக்குள் ஒரு புரோகிராம். பட்டன்கள் கீபோர்டு மாதிரி. சின்ன டிஸ்பிளே மானிட்டர் மாதிரி. வால்வு, மோட்டார், ஹீட்டர், பம்ப் எல்லாம் பிரிண்டர் போல வெளியே வேலை செய்யும் சாதனங்கள். கம்ப்யூட்டரில் பழுது பார்க்கக் கற்றுக்கொண்ட அதே முறை இங்கேயும் அப்படியே பலிக்கும்.

இதை நான் பாடப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2023 ஆடி மாதம் ஈரோட்டிலிருந்து அம்மாவின் போன். "கண்ணு, மெஷின் பாதியில நின்னு போச்சு. உள்ள தண்ணி நிக்குது, கதவும் திறக்க மாட்டேங்குது. மெக்கானிக் வந்து பார்த்துட்டு போர்டு போயிருச்சு, 7,200 ரூபாய் ஆகும்னு சொல்றாரு. பணத்தை எடுத்து வச்சுட்டேன், நாளைக்கு வர்றாராம்."

அம்மாவுக்கு இரண்டு மணிக்கட்டிலும் வலி. துணி பிழிய முடியாது என்பதால்தான் என் முதல் வருடப் போனஸில் அந்த மெஷினை வாங்கிக் கொடுத்தேன். அவசரத்தில் 7,200 கொடுத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

"அம்மா, கொஞ்சம் பொறுங்க. டிஸ்பிளேல எழுத்து ஏதாவது வருதுங்களா?"

"ஏதோ ரெண்டு இங்கிலீஷ் எழுத்து மினுக்கு மினுக்குங்குது."

போர்டு செத்துப் போயிருந்தால் எழுத்தை யார் காட்டுவது? எரர் மெசேஜ் போடும் கம்ப்யூட்டர் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? மெக்கானிக்கை வர வேண்டாம் என்று சொல்லச் சொல்லிவிட்டு அன்று இரவே பஸ் ஏறினேன். அங்கே போய் நான் செய்த ஒரு பெரிய முட்டாள்தனத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பாடம்.

எழுத்தைப் படியுங்கள்

மினுக்கும் எழுத்தை முதலில் ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள், அல்லது செல்போனில் படம் எடுத்து வையுங்கள். ஆஃப் செய்தால் அது மறைந்துவிடும். பிறகு மெஷினோடு வந்த மேனுவலில் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். எல்.ஜி. மெஷினில் ஐ.இ. என்று வந்தால் தண்ணீர் உள்ளே வரவில்லை, ஓ.இ. என்றால் வெளியேறவில்லை, யூ.இ. என்றால் துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டது, டி.இ. என்றால் கதவு. சாம்சங்கில் 4 என்ற எண்ணில் தொடங்கினால் தண்ணீர் வரத்து, 5 என்றால் வெளியேற்றம். மேனுவல் தொலைந்துவிட்டதா? கம்பெனியின் இணையதளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்தால் பி.டி.எஃப். ஆக இறக்கிக் கொள்ளலாம். மாடல் எண் பெரும்பாலும் கதவைத் திறந்தால் அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும்.

அடுத்தது, நமக்கு நன்றாகத் தெரிந்த ரீஸ்டார்ட். ஆஃப் செய்து, பிளக்கையே பிடுங்கி, ஐந்து பத்து நிமிடம் கழித்து மறுபடி போடுங்கள். மின்சாரம் ஏறி இறங்கியதில் புரோகிராம் குழம்பியிருந்தால் இதிலேயே சரியாகிவிடும். அதே எழுத்து திரும்ப வந்தால் கோளாறு நிஜம்.

தண்ணீர் உள்ளே வரவில்லை

குழாய் திறந்திருக்கிறதா, ஹோஸ் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், மானிட்டர் கேபிளைச் செருகாமல் சர்வீஸுக்குப் போன் செய்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

நம் ஊர் வீடுகளில் உண்மையான வில்லன் மொட்டை மாடி டேங்க். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். அப்படியானால் 3 மீட்டருக்கு 0.3 பார். பல மேனுவல்களில் குறைந்தது 0.3 அல்லது 0.5 பார் வேண்டும் என்று போட்டிருக்கிறது. டேங்க் மொட்டை மாடியில், மெஷின் அதற்கு நேர் கீழ் மாடியில் என்றால் உயரம் மூன்று மீட்டர்கூடத் தேறாது. குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் தண்ணீர் மட்டம் ஏறவில்லை என்றால் சிப் காத்திருந்து பார்த்துவிட்டு எரர் போட்டு நின்றுவிடும். மெஷினில் ஒரு குறையும் இருக்காது. ஹோஸைக் கழற்றி அந்தக் குழாயில் 10 லிட்டர் பக்கெட்டைப் பிடியுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் நான் குழாயைத்தான் சந்தேகப்படுவேன். மெஷினைக் கீழ்த் தளத்துக்கு மாற்றலாம், அல்லது சிறிய பிரஷர் பம்ப் வைக்கலாம்.

பக்கெட் வேகமாக நிரம்புகிறது, மெஷினுக்குள் மட்டும் வரவில்லை என்றால், ஹோஸ் மெஷினில் சேரும் இடத்தில் ஒரு சிறிய சல்லடை இருக்கும். குழாயை மூடிவிட்டு ஹோஸைக் கழற்றி, குறடால் அதை மெதுவாக இழுங்கள். போர் தண்ணீர் ஊர்களில் மணலும் வெள்ளை உப்பும் அப்பியிருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, எலுமிச்சைச் சாற்றில் கொஞ்ச நேரம் ஊற வைத்தால் போதும்.

தண்ணீர் வெளியே போகவில்லை

எங்கள் வீட்டுக் கதை இதுதான். மெஷினின் அடிப்பக்கம் ஓரத்தில் ஒரு சிறிய மூடி இருக்கும். அதற்குள் திருகிக் கழற்றும் டிரெயின் ஃபில்டர். சட்டைப் பையில் மறந்த சில்லறை, ஊக்கு, பஸ் டிக்கெட், தலைமுடி எல்லாம் வந்து சேரும் குப்பைத் தொட்டி இது. நம் ஊரில் மெஷின் வாங்கிப் பல வருடம் ஆகியும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாத வீடுகள் நிறைய.

கழற்றும் முன் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஸ்பின் மட்டும் போட்டுப் பார்த்தால் முதலில் பம்ப் ஓட வேண்டும். 'ம்ம்ம்' என்ற சத்தம் இருக்கிறது, தண்ணீர் போகவில்லை என்றால் அடைப்பு. போர்டு கட்டளை கொடுக்கிறது, பம்ப்புக்கு மின்சாரம் வருகிறது, வழி மட்டும் இல்லை. சத்தமே இல்லை என்றால் பம்ப் காயில், வயர், போர்டு மூன்றில் ஏதோ ஒன்று. அங்கே மெக்கானிக் வேண்டும். அம்மாவைப் போனிலேயே கேட்கச் சொன்னேன். "தேனீ மாதிரி சத்தம் வருது கண்ணு" என்றார். அப்போதே பாதி நிம்மதி.

இப்போது என் முட்டாள்தனம். காலையில் போய் இறங்கிய வேகத்தில் மெஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபில்டரைச் சரசரவென்று திருகினேன். டிரம்மில் தண்ணீர் நிற்கிறதே என்ற நினைப்பே இல்லை. ஒரு நொடியில் தரை முழுக்க வெள்ளம். மெஷின் இருந்த அறையிலேயே அப்பாவின் கம்ப்யூட்டர் டேபிளும் இருந்தது. அதன் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில், கரண்டோடு. தண்ணீர் அதை நோக்கி ஓடுவதைப் பார்த்து அதை எடுக்கக் கை நீட்டினேன். வாசலில் நின்ற அப்பா "கையை எடுடா!" என்று கத்திக்கொண்டே மெயின் சுவிட்சை இறக்கினார். இன்ஜினியரிங் படித்தது நான், மின்சாரத்தை மதித்தது அவர்.

ஆகவே நீங்கள் இப்படிச் செய்யுங்கள். மெஷின் பிளக்கைப் பிடுங்குங்கள், தண்ணீர்க் குழாயை மூடுங்கள். சூடான தண்ணீரில் துவைத்திருந்தால் ஆறும் வரை காத்திருங்கள், இல்லையென்றால் கை வெந்துவிடும். தரையில் கிடக்கும் ஒயர், ஸ்பைக் பஸ்டர் எல்லாவற்றையும் சுவிட்சை அணைத்து, பிடுங்கி, மேலே தூக்கி வையுங்கள். ஃபில்டர் பக்கத்தில் ஒரு மெல்லிய ரப்பர் குழாய் இருந்தால், அதை இழுத்து மூடியை எடுத்து ஒரு தட்டையான பாத்திரத்தில் பிடியுங்கள். பாத்திரம் நிரம்பினால் மூடிவிட்டுக் கொட்டிவிட்டு மறுபடி பிடியுங்கள். பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம். அந்தக் குழாய் இல்லாத மாடல்களில் ஃபில்டரைக் கால் திருகு மட்டும் தளர்த்திக் கசிய விடுங்கள். தண்ணீர் நின்ற பிறகுதான் முழுதாகக் கழற்ற வேண்டும்.

கழற்றியதும் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். சின்ன விசிறி தெரியும். குச்சியால் சுற்றினால் விட்டு விட்டு, தடக் தடக் என்று சுற்றும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். அசையவே இல்லை என்றால் எதுவோ சிக்கியிருக்கிறது. எங்கள் மெஷினில் ஒரு ரூபாய் நாணயம், இரண்டு ஊக்கு, கூழாகிப்போன ஒரு ஜவுளிக்கடை பில். நாணயம் விசிறிக்கு முன்னால் குறுக்கே நின்றிருந்தது. 7,200 ரூபாய் பழுதின் விலை ஒரு ரூபாய்! ஃபில்டரைத் திரும்பப் போடும்போது இறுகத் திருகுங்கள், இல்லையென்றால் அடுத்த துவையலில் அங்கேயிருந்தே ஒழுகும்.

இதற்கு நேர் எதிரான ஒரு கோளாறும் உண்டு. தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், மட்டம் ஏறாது. டிரெயின் ஹோஸைத் தரையோடு தரையாகப் போட்டிருந்தால் உள்ளே வரும் தண்ணீர் தானாகவே வழிந்து போய்விடும். ஹோஸ் சுமார் 60 முதல் 100 செ.மீ. உயரம் வரை ஏறி, பிறகு இறங்க வேண்டும். முனை சாக்கடைத் தண்ணீரில் மூழ்கவும் கூடாது.

ஸ்பின்னில் ஆட்டம்

புதிய மெஷின் முதல் நாளே அறை முழுக்க நடந்தால் பின்பக்கம் பாருங்கள். லாரியில் வரும்போது டிரம் ஆடாமலிருக்க நீளமான போல்ட்டுகள் போட்டிருப்பார்கள், பெரும்பாலும் நான்கு. அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் மெஷின் பாழ். கழற்றியதைத் தூக்கி எறியாதீர்கள், வீடு மாறும்போது வேண்டும்.

பழைய மெஷின் ஆடினால் நான்கு காலும் தரையில் ஊன்றியிருக்கிறதா என்று மேல் மூலைகளைக் குறுக்காக அழுத்திப் பாருங்கள். கொத்தனாரின் ரசமட்டம் கிடைத்தால் இன்னும் நல்லது. துணி உலராமலே மெஷின் நின்றுவிட்டால் அது கோளாறு இல்லை, புத்திசாலித்தனம். ஒரே ஒரு கனமான போர்வை பந்தாகச் சுருண்டால் டிரம் ஒரு பக்கம் கனக்கும். சிப் முதலில் மெதுவாகச் சுற்றி, மோட்டார் வேகம் ஏறி இறங்குவதை வைத்து இதைக் கண்டுபிடிக்கும். நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால் நொடிக்கு 20 சுற்று. அந்த வேகத்தில் ஒரு பக்கக் கனம் எவ்வளவு ஆபத்து என்று அதற்குத் தெரியும். இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்துப் போட்டு மறுபடி ஸ்பின் கொடுங்கள்.

கதவு, நுரை, நாற்றம்

துவைத்து முடிந்தும் கதவு திறக்கவில்லையா? பூட்டு விடுபட ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். கண்ணாடியில் தண்ணீர் தெரிந்தால் இழுக்கவே கூடாது, முதலில் தண்ணீரை வெளியேற்றுங்கள். சாதாரண பக்கெட் சோப்புத் தூளைப் போடாதீர்கள். நுரை பொங்கித் தண்ணீர் மட்டம் பார்க்கும் சென்சாரைக் குழப்பும். ஃப்ரண்ட் லோடு என்று போட்ட தூள்தான் சரி. நாற்றம் வந்தால் கதவு ரப்பரின் மடிப்பைத் துடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் திறந்து வைக்கும் நேரத்தில் ஒரு கண் அங்கே இருக்கட்டும். உப்பு நீக்கும் பவுடரையும் பிளீச்சிங்கையும் ஒன்றாகப் போடவே கூடாது, விஷ வாயு வரும்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குத் தனியாக ஒன்று. கம்ப்யூட்டரின் ஸ்பைக் பஸ்டரிலோ யு.பி.எஸ்.ஸிலோ வாஷிங் மெஷினைச் செருக வேண்டாம். ஹீட்டர் மட்டுமே 2000 வாட் அளவுக்கு இழுக்கும், அதாவது ஏறக்குறைய 9 ஆம்பியர். 600 வி.ஏ. யு.பி.எஸ். தருவது 360 வாட் அளவுதான். 16 ஆம்பியர் பவர் பிளக், நல்ல எர்த் இரண்டும் கட்டாயம். டிரம்மைத் தொட்டால் சுருக்கென்றால் அன்றோடு மெஷினை நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அங்கே நம் ஆராய்ச்சி வேண்டாம்.

இவ்வளவும் பார்த்துச் சரியாகவில்லை என்றால் மெக்கானிக்கை அழைக்கத்தான் வேண்டும். எல்லாரும் ஏமாற்றுபவர்கள் இல்லை. போர்டு போய்விட்டது என்று சொன்னால், "பம்ப்புக்கு வோல்டேஜ் வருதான்னு மீட்டர்ல காட்டுங்களேன்" என்று கேளுங்கள். மாற்றினால் பழைய போர்டைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

அம்மா இப்போது மாதம் பிறந்தால் தோசைத் தட்டு ஒன்றை வைத்துக்கொண்டு ஃபில்டரைக் கழற்றிவிடுகிறார். கிடைக்கும் சில்லறையை ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறார். போன தடவை ஊருக்குப் போனபோது எண்ணிக் காட்டினார், 43 ரூபாய். முக்கால்வாசி அப்பாவின் சட்டைப் பையில் இருந்து வந்ததாம்.