‘வேண்டாம்’ பட்டன் எங்கே?

அன்புள்ள இனியா,

நீ எழுதிய வரவு செலவு ஆப் நன்றாக ஓடுகிறது. ஆனால் திறந்ததுமே "புதிய பதிப்பு வந்திருக்கிறது" என்று ஒரு பெட்டி குதிக்கிறதே, அதில் ‘இப்போதே’, ‘பிறகு’ இரண்டும்தான் இருக்கின்றன. வேண்டாம் என்பவர் எதை அழுத்துவார்?

மேக் ஆப்கள் பலவற்றில் அப்டேட் வேலையைச் செய்வது ஸ்பார்க்கிள் என்ற கட்டற்ற மென்பொருள். புதிய பதிப்பு உண்டா என்று தானாகத் தேடலாமா எனப் பயனரிடம் அது அனுமதி கேட்கும். அதுவும் ஆப்பை இரண்டாம் முறை திறக்கும்போதுதான். முதல் முறை திறப்பவர் ஆப் எப்படி இருக்கிறதென்று பார்க்க வந்தவர், அவரிடம் போய் அனுமதி கேட்பானேன்? ‘இந்தப் பதிப்பைத் தவிர்’ என்ற பட்டனும் அதில் உண்டு. இதைப் பார்த்து எழுது, தப்பில்லை.

பார்த்து எழுதக் கூடாததும் ஒன்று உண்டு. 2016-இல் விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களை 10-க்கு மாறச் சொல்லி மைக்ரோசாஃப்ட் பெட்டி காட்டியது. மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் பெட்டி மூடிக்கொள்ளும், குறித்த நேரத்தில் மாற்றமோ நடந்தே தீரும்! மூடினால் மறுப்பு என்றுதானே எல்லோரும் பழகியிருக்கிறோம்? எதிர்ப்பு வலுத்த பிறகே அதை மாற்றினார்கள்.

இப்படி ஒருமுறை சூடுபட்டவர் அடுத்து அப்டேட்டையே அணைத்துவைப்பார். அதுதான் ஆபத்து. வான்னாகிரை என்ற தீநிரல் நுழைந்த விண்டோஸ் ஓட்டைக்கு 2017 மார்ச் 14-லேயே திருத்தம் வெளியாகிவிட்டது. மே 12 அன்று பிரிட்டிஷ் மருத்துவமனைகள் முடங்கியபோது, அந்தத் திருத்தம் போடாத கணினிகள் உலகெங்கும் ஏராளமாக இருந்தன. ஆகவே பாதுகாப்புத் திருத்தத்தைத் தனியாக வெளியிடு. புது வண்ணம், புது மெனு எதையும் அதோடு சேர்த்துக் கட்டாதே. என்ன மாறியது என்று இரண்டு வரி எழுது. "பிழைகள் சரிசெய்யப்பட்டன" என்பது பதிலே இல்லை.

லினக்ஸுக்கு டெப் தொகுப்பாகத் தரும்போது உன் பெட்டியே வேண்டாம். டெபியன் தரும் ஃபயர்ஃபாக்ஸ் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வதில்லை. அந்த வேலை ஏப்டி என்ற தொகுப்பு மேலாளருடையது. எந்தத் தொகுப்பு எந்தப் பதிப்பு என்ற கணக்கு அதனிடம் இருக்கிறது. நடுவில் நீ புகுந்து கோப்பை மாற்றினால் அந்தக் கணக்கு குழம்பும். தொகுப்பைக் கட்டும்போதே பெட்டியை நிறுத்திவைக்க ஓர் அமைப்பு எழுதி அனுப்பு, என் உபுண்டுவில் போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா