சிரையில் ஓடுவது கெட்ட ரத்தமா?

“தமனியில் ஓடுவது நல்ல ரத்தம், சிரையில் ஓடுவது கெட்ட ரத்தம்.” பள்ளியில் இப்படித்தான் பலரும் மனப்பாடம் செய்தார்கள். ‘சுத்த ரத்தம்’, ‘அசுத்த ரத்தம்’ என்ற பெயர்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

ரத்த தான முகாமில் ஊசியை எங்கே குத்துகிறார்கள்? முழங்கை மடிப்பில் தெரியும் சிரையில். அங்கிருந்து பைக்குள் இறங்கும் 350 மில்லி கருஞ்சிவப்பு ரத்தம்தான் பிரசவத்தில் ரத்தம் இழந்த தாய்க்கும், விபத்தில் அடிபட்டவருக்கும் உயிர் கொடுக்கிறது. சிரை ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவு, அவ்வளவுதான். அதிலும் ஒரேயடியாகக் காலியாகிவிடுவதில்லை. உடல் ஓய்வில் இருக்கும்போது, ஹீமோகுளோபின் சுமக்கக்கூடிய ஆக்ஸிஜனில் ஏறக்குறைய 75 சதவீதம் அப்படியே இதயத்துக்குத் திரும்புகிறது.

காலில் புடைத்துச் சுருண்ட சிரை உடைந்து ரத்தம் கொட்டும்போது, “கெட்ட ரத்தம்தானே, போகட்டும்” என்று விடுவது உயிருக்கே ஆபத்து. உடனே படுக்க வைத்து, காலை உயர்த்தி, துணியால் அந்த இடத்தை விடாமல் அழுத்திப் பிடித்தபடி மருத்துவ உதவியை நாட வேண்டும்.

ஆக்ஸிஜனை வைத்துத் தமனி, சிரை என்று பிரிப்பதும் எல்லா இடத்திலும் பொருந்தாது. நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்ஸிஜன் குறைந்த ரத்தம். நுரையீரல் சிரைகளில் ஓடுவது ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தம். கருவிலிருக்கும் குழந்தைக்கு நஞ்சுக்கொடியிலிருந்து ஆக்ஸிஜன் கொண்டுவருவதும் தொப்புள்கொடியின் சிரைதான். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோவது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை. திசைதான் கணக்கு.

சிரை ரத்தம் நீல நிறம் என்பதும் தவறு. சிவப்பு ஒளி தோலுக்குள் ஆழமாக இறங்கிச் சிரையால் உறிஞ்சப்படுகிறது. நீல ஒளி அவ்வளவு தூரம் போகாமலே திரும்பிவிடுகிறது. அதனால்தான் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது.

சிரையில் ரத்தம் ஓடும் திசையை யாரும் தன் கையிலேயே பார்த்துக்கொள்ளலாம். கையைத் தொங்கவிட்டால் புறங்கையில் சிரைகள் புடைக்கும். ஒரு சிரையை விரல் பக்கமாக ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் ரத்தத்தை மணிக்கட்டு நோக்கி வழித்துவிட வேண்டும். வழித்த விரலை எடுத்தாலும் மேலே போன ரத்தம் கீழே இறங்காது. உள்ளே வால்வு தடுத்துவிடும். அழுத்திய விரலை எடுத்ததும் சிரை கீழிருந்து சட்டென்று நிரம்பும். ரத்தம் உடலைச் சுற்றிவருகிறது என்று நிறுவிய ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி, 1628இல் வெளியிட்ட நூலில் இதுபோன்ற சோதனையைப் படத்தோடு விளக்கியிருந்தார்.

இன்னொரு பெரிய வித்தியாசம் அழுத்தம். 120/80 என்று மருத்துவர் குறிப்பது தமனியின் அழுத்தத்தை. படுத்திருக்கும்போது கையின் சிரையில் அது 10க்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதனால்தான் தமனியின் சுவர் தடிமனாக, தசை நிறைந்து இருக்கிறது. சிரையின் சுவர் மெல்லியது. ஆனால் இந்தச் சுவர் பிறப்போடு முடிவான விஷயமல்ல. டயாலிசிஸுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 மில்லி ரத்தம் வேண்டும்; சாதாரணச் சிரையால் அவ்வளவு தர முடியாது. அதற்காக மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் ‘ஃபிஸ்டுலா’ அறுவை சிகிச்சையை பிரெஸ்சியா, சிமினோ உள்ளிட்ட நியூயார்க் மருத்துவர்கள் 1966இல் வெளியிட்டார்கள். தமனி ரத்தம் வேகமாகப் பாயப் பாய, சில வாரங்களில் சிரை விரிந்து, சுவர் தடித்து, திரும்பத் திரும்ப ஊசி குத்தத் தாங்கும் அளவுக்கு வளர்கிறது. அதன் மேல் விரல் வைத்தால் உள்ளே ‘கிர்ர்’ரென்று அதிர்வது தெரியும். டயாலிசிஸ் நோயாளிகள் தினமும் இதைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அதிர்வு நின்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவும், பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கவும் விடக்கூடாது.