குஞ்சுக் கொட்டகைக்கு எந்த விளக்கு?

நத்தம் வட்டாரத்தில் மாந்தோப்பும் புளியமரமும் ஆண்டுக்கு ஒருமுறைதான் பணம் தரும். இடைப்பட்ட மாதங்களில் அவசரத் தேவைக்குக் கைகொடுப்பது வாசலில் மேயும் நாட்டுக்கோழியே. முன்பு தாய்க்கோழி அடைகாத்துப் பொரித்த குஞ்சுகள் தாயுடன் வெயிலில் மேய்ந்து வளர்ந்தன. இப்போது பலர் பொரிப்பகத்திலிருந்து ஒருநாள் வயதுக் குஞ்சுகளாக ஐம்பது, நூறு என வாங்கி, வீட்டின் ஓர் அறையிலோ சிறு கொட்டகையிலோ விளக்கின் கீழ் வளர்க்கின்றனர். தாய்க்கோழியின் வேலையை விளக்கு ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அந்த விளக்கு எதைத் தரும், எதைத் தராது என்பதை அறியாததால் நல்ல குஞ்சுகளும் வீணாகின்றன.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் சில குஞ்சுகள் நடக்கத் தயங்கும். பிறகு முழங்கால் மூட்டை மடித்துத் தரையில் உட்கார்ந்துகொள்ளும். தீவனத் தட்டுக்கு வர முடியாமல் மெலிந்து, மற்றக் குஞ்சுகளால் மிதிபட்டுச் சாகும். இதைத் தொற்றுநோய் என்று எண்ணிக் கடையில் கிடைக்கும் மருந்தையெல்லாம் தண்ணீரில் கலப்பவர் உண்டு. குறை தீவனத்திலும் வெயில் இல்லாமையிலும் இருக்கும்போது அம்மருந்துகளால் பயன் இல்லை.

வெப்பம் வேறு, வெயில் வேறு

குஞ்சின் எலும்பு கெட்டிப்படச் சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் தேவை. இவற்றைக் குடலிலிருந்து இரத்தத்துக்கு எடுத்துச் செல்ல வைட்டமின் டி-3 உதவுகிறது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதா ‘பி’ கதிர்கள் தோலில் படும்போது இந்த வைட்டமின் உடலிலேயே உண்டாகிறது. கோழியின் உடலை இறகு மூடியிருந்தாலும், இறகற்ற கால் தோலில் இதற்கான மூலப்பொருள் மிகுதியாக உள்ளது.

1920-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹார்ட், ஹால்பின், ஸ்டீன்பாக் ஆகியோர் குஞ்சுகளின் கால் பலவீனத்தை ஆராய்ந்தபோது, வெளிச்சத்துக்கும் குஞ்சின் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டது. கொட்டகைக்குள் அடைத்து வளர்த்த குஞ்சுகளுக்கு வந்த கால் பலவீனம் சூரிய ஒளி கிடைத்தவற்றுக்கு வரவில்லை.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று. இழை எரியும் குண்டு பல்பும், அகச்சிவப்பு விளக்கும் வெப்பம் தரும். புற ஊதா ‘பி’ கதிர் தருவதில்லை. எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும். குஞ்சைக் காக்கும் அளவுக்கு வெப்பமும் தராது, புற ஊதா ‘பி’ கதிரும் தராது. கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலும் போதாது. கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடுகிறது. அறை நன்றாக வெளிச்சமாக இருக்கிறது என்பதால் குஞ்சுக்கு வெயில் கிடைக்கிறது என்று எண்ணக் கூடாது.

வெப்பத்துக்கான விளக்கு

குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்பது பொதுக் கணக்கு. ஐம்பது குஞ்சுக்கு 100 வாட் போதும். ஒரே பல்பாகப் போடாமல் 60 வாட் குண்டு பல்புகள் இரண்டாகப் போடுவது நல்லது. இரவில் ஒன்று பழுதானாலும் மற்றது எரியும்.

முதல் வாரம் விளக்கின் கீழ் வெப்பம் 95 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும். பின்னர் வாரம் 5 டிகிரி வீதம் குறைத்து வரலாம். வெப்பமானி இல்லாதவர்கள் குஞ்சுகளையே கவனிக்கலாம். விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக் கிடந்தால் குளிர் என்று பொருள். விளக்கை விட்டு விலகி, வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். வட்டம் முழுவதும் பரவி மேய்ந்தும் தூங்கியும் இருந்தால் வெப்பம் சரியாக உள்ளது. திண்டுக்கல் சமவெளியில் சித்திரை, வைகாசிப் பகலில் விளக்கை அணைத்து வைக்கலாம்.

விளக்கைத் தரையிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை அடி உயரத்தில், உறுதியான சங்கிலியில் தொங்கவிட வேண்டும். மின்கம்பியையே கயிறாகப் பயன்படுத்தக் கூடாது. உமி மீது பல்பு விழுந்தால் கீற்றுக் கொட்டகை முழுவதும் தீப்பிடிக்கும். மின்சாரம் நின்ற இரவில் மண்பானையில் கரித்தணல் வைப்பவர்கள் கொட்டகையில் காற்றோட்டம் விட வேண்டும். மூடிய அறையில் கரிப்புகை குஞ்சையும் கொல்லும், காவல் இருப்பவரையும் கொல்லும்.

ஊதா விளக்கு வேண்டாம்

‘புற ஊதா’ என்ற பெயரில் கடைகளில் பலவகை விளக்குகள் கிடைக்கின்றன. எல்லாம் ஊதா நிறத்தில் எரிந்தாலும் வேலை வேறு. பூச்சிகளைக் கவரும் விளக்கு புற ஊதா ‘ஏ’ கதிர் தருவது. அதனால் வைட்டமின் உண்டாகாது. கிருமி நீக்கும் விளக்கு புற ஊதா ‘சி’ கதிர் தருவது. கொரோனா பரவிய 2020-க்குப் பிறகு இவ்வகை விளக்குகள் பலர் கைக்கு வந்துள்ளன. இது கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். இதைக் குஞ்சுக் கொட்டகையில் எரிய விட்டால் குஞ்சுகளின் கண்கள் வீங்கும். எரியும்போது உள்ளே செல்பவருக்கும் அதே கதிதான்.

வெளிநாடுகளில் ஆமை, பல்லி இனங்களை வீட்டுக்குள் வளர்ப்போர் புற ஊதா ‘பி’ தரும் தனி விளக்குகளை வாங்குகின்றனர். அவற்றின் விலை அதிகம். சில மாதங்களில் கதிர் குறைந்துவிடும். வெளிச்சம் மட்டும் முன்போலவே இருக்கும். தூரம் சிறிது தவறினாலும் பயன் இராது, அல்லது கேடு வரும். ஆண்டு முழுவதும் வெயில் காயும் நம் ஊரில் சிறு விவசாயிக்கு இந்தச் செலவு தேவையில்லை.

ஆமை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காட்டோர நிலங்களில் நட்சத்திர ஆமை கண்ணில் பட்டால் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்து வருவது உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். நிழலான அறையில் அடைத்தால் அதன் ஓடும் குஞ்சின் எலும்பைப் போலவே மெலிந்து வளையும். ஏற்கனவே கொண்டு வந்திருந்தால் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

வெயில் காட்டும் முறை

இரண்டாவது வாரம் முதல், மழையும் குளிர்காற்றும் இல்லாத நாட்களில், குஞ்சுகளை நேர் வெயிலில் அரைமணி நேரம் விட்டால் போதும். எந்த நேரத்து வெயில் என்பதை அறிய எளிய வழி உண்டு. வெயிலில் நின்று நிழலைப் பார்க்க வேண்டும். நிழல் ஆளின் உயரத்தைவிடக் குறைவாக இருக்கும் நேரத்தில் புற ஊதா ‘பி’ கதிர் நன்றாகக் கிடைக்கும். நத்தம் பகுதியில் சித்திரையில் காலை ஒன்பது மணி தாண்டியதும், மார்கழியில் பத்து மணி தாண்டியதும் இந்த நிலை வரும். கோடையில் உச்சிப்பொழுதைத் தவிர்க்க வேண்டும்.

காக்கை, பருந்து, கீரிக்குத் தப்பப் பஞ்சாரத்தால் மூடி வைக்கலாம். மூங்கில் இடைவெளி வழியே வெயில் விழும். அகலமான கம்பிவலைக் கூண்டு இன்னும் நல்லது. கூண்டில் பாதி வெயிலும் பாதி நிழலும் இருக்க வேண்டும். உள்ளே தண்ணீர் வைக்க வேண்டும். சூடு தாங்காத குஞ்சு தானே நிழலுக்குச் செல்லும். பிளாஸ்டிக் தாளால் மூடக் கூடாது.

தீவனத்தைக் கவனிக்கவும்

குருணையும் தவிடும் கம்பும் மட்டும் தின்னும் குஞ்சுக்குச் சுண்ணாம்புச் சத்து போதாது. முதல் எட்டு வாரம் வைட்டமின் டி-3 சேர்த்த குஞ்சுத் தீவனம் கொடுப்பதே சிக்கனம். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் வெயில் இராது. அப்போது தீவனமே துணை. தீவனத்தை ஈரமில்லாத இடத்தில் வைத்து, ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிடும் அளவுக்கே வாங்க வேண்டும்.

முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குக் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள மிகையான சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கருவாட்டுத் தூள் சேர்ப்பவர்கள் உப்பு மிகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வைட்டமின் மருந்தையும் கால்நடை மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் கலக்கக் கூடாது. மிகுந்தால் அதுவும் நஞ்சு.

எல்லாக் கால் முடக்கமும் ஒன்றல்ல

அலகைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ரப்பர் போல வளைந்தால் வைட்டமின் டி-3 அல்லது சுண்ணாம்புச் சத்துக் குறை என்று ஐயப்படலாம். விரல்கள் உள்நோக்கிச் சுருண்டிருந்தால் வைட்டமின் பி-2 குறைவாக இருக்கலாம். கழுத்து முறுக்கிக்கொண்டால் வெள்ளைக்கழிச்சல் நோயாக இருக்கக்கூடும். வளர்ந்த குஞ்சு ஒரு காலை முன்னும் மறுகாலைப் பின்னும் நீட்டிக் கிடந்தால் மேரக்ஸ் நோயாக இருக்கலாம். பொரித்த சில நாளிலேயே கால் இருபுறமும் விரிந்தால் வழுக்கும் காகிதத் தரை காரணமாகலாம். காகிதத்தை இரண்டு மூன்று நாளில் எடுத்துவிட்டு, உமி அல்லது நிலக்கடலைத் தோல் இரண்டு அங்குலம் பரப்ப வேண்டும்.

எலும்பு வளைந்து கெட்டிப்பட்டுவிட்டால் பிறகு நேராகாது. ஒரு குஞ்சு உட்காரத் தொடங்கிய அன்றே அதைத் தனியாகப் பிரித்து, தீவனமும் தண்ணீரும் எட்டும்படி வைத்து, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும். கொடுத்த தீவனத்தில் ஒரு பிடியையும் கொண்டு செல்வது நல்லது. திண்டுக்கல்லில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பயிற்சி, ஆராய்ச்சி மையத்திலும் காந்திகிராமம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை பெறலாம்.

இரவில் குஞ்சின் குளிர் போக்கக் குண்டு பல்பு, பகலில் எலும்பு உறுதிப்பட அரைமணி வெயில், இரண்டுக்கும் துணையாகச் சரியான தீவனம். இம்மூன்றையும் கடைப்பிடித்தால் வாங்கிய ஐம்பது குஞ்சுகளில் பெரும்பாலானவை சந்தைக்கு நடந்தே வரும்.