மின்னணுப் போர்ப் பயிற்சிக் களமும் மக்கள் நிலமும்

1895ஆம் ஆண்டில் கொல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குப் புலப்படாத அலைகளைச் சுவரினூடே செலுத்தி, அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். இத்தகைய அலைகள் போர்க்கருவியாவதற்கு நெடுங்காலம் பிடிக்கவில்லை. 1904இல் ஆர்தர் துறைமுகப் போரின்போது, ஜப்பானியரின் கம்பியில்லாத் தந்திச் செய்திகளுக்கு ரஷ்யர் இடையூறு விளைத்தனர். மின்னணுப் போர்முறையின் தொடக்கமாக இந்நிகழ்ச்சி கருதப்படுகிறது.

மூவகைப் பணிகள்

மின்னணுப் போர் மூன்று பணிகளை உள்ளடக்கியது. பகைவரின் அலைகளைக் கேட்டறிதல் ஒன்று. அவற்றைக் குழப்புதல் மற்றொன்று. நம் கருவிகளைக் குழப்பத்தினின்று காத்தல் மூன்றாவது. நம் நாட்டில் இத்துறைக்கெனப் பாதுகாப்பு மின்னணுவியல் ஆய்வுக்கூடம் 1961இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்டது.

பயிற்சிக் களத்தில் பணியாற்றுவோர் பகைவரின் ரேடாரைப் போன்ற அலைகளை எழுப்புவர். விமானி அவற்றை உணர்ந்து விலகவோ குழப்பவோ முயல்வார். இருதரப்புப் பதிவுகளும் பின்னர் ஒப்புநோக்கப்படும். மின்னாக்கிகளை இடைவிடாது இயக்குதலும், வானலை வாங்கிகளைத் திருத்தமாக வைத்திருத்தலும் இவர்களுடைய அன்றாடக் கடமைகளாகும்.

தனிமை ஏன்?

தொலைவு இருமடங்கானால், குழப்பும் அலையின் வலிமை நான்கில் ஒரு பங்காகக் குறையும். ரேடார் அலையோ சென்று திரும்ப வேண்டியிருப்பதால், அதன் எதிரொலி பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே, சிறிய கருவியும் தொலைவிலுள்ள பெரிய ரேடாரைக் குழப்ப இயலும். இதே காரணத்தால், விமான நிலையங்களுக்கும் மீனவர் வானொலிக்கும் தீங்கு நேராதவாறு களம் தொலைவில் அமைதல் வேண்டும். அலைவரிசையும் நிலத்தைப் போன்று பங்கிடத்தக்க ஒரு வளமே. அதனை ஒழுங்குபடுத்தும் பிரிவு 1952 முதல் மத்திய அரசில் இயங்கி வருகிறது.

பாலியாபால் தரும் பாடம்

எனினும், வரைபடத்தில் தனிமையாகத் தோன்றும் நிலம் பொருளாதார நோக்கில் வெற்றிடமன்று. கொல்கத்தாவிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது பாலசோர். அம்மாவட்டத்துக் கடற்கரையிலுள்ள பாலியாபால் பகுதியில் தேசியச் சோதனைத் தளம் அமைக்க 1980களின் நடுவில் முடிவு செய்யப்பட்டது. அது ஏவுகணைகளுக்கான தளமாயினும், நிலத்தேவை பற்றிய சிக்கல் இரண்டிற்கும் பொதுவானது. வெற்றிலைக் கொடிக்கால்களும் தென்னையும் மீன்பிடிப்பும் செழித்த அப்பகுதி மக்கள், சாலைகளை மறித்து அதிகாரிகளை நுழையவிடாது தடுத்தனர். தளம் அங்கு அமையவேயில்லை. அதே மாவட்டத்துச் சந்திப்பூரிலிருந்து 1989இல் அக்கினி ஏவுகணை முதன்முறையாக ஏவப்பட்டது. பின்னர் ஒடிசாக் கடலிலுள்ள வீலர் தீவும் சோதனைகளுக்குப் பயன்படலாயிற்று. 2015இல் அதற்கு அப்துல் கலாமின் பெயர் சூட்டப்பட்டது.

மாற்றிடம் காண முடிந்தது என்பது இங்கு கருதத்தக்கது. நிலத்தின் விலை ஒருமுறை தரப்படுவது. கொடிக்காலின் வருவாயோ ஆண்டுதோறும் வருவது. மேலும், பட்டா உடையவருக்கே இழப்பீடு எனின், குத்தகையாளரும் கூலியாளரும் மீனவரும் கணக்கில் வாரார். 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், நிலமின்றி அதனை நம்பி வாழும் குடும்பங்களையும் பாதிக்கப்பட்டோராக ஏற்றுக்கொண்டது. ஆயினும், நாட்டுப் பாதுகாப்பிற்கான அவசர நிலையில் சமூகத் தாக்க மதிப்பீட்டினின்று விலக்களிக்கவும் அது இடமளிக்கிறது.

அதிகாரிகளின் பொறுப்பு

விலக்கு உண்டென்பதால் கணக்கெடுப்பு தேவையில்லை என்று கொள்ளலாகாது. பாதுகாப்பு என்பது குடிமக்கள் அனைவரும் பெறும் பொதுப்பயன். அதன் செலவை ஒரு சில சிற்றூர்கள் மட்டும் ஏற்பது நியாயமன்று. இடத்தேர்வுக்கு முன்னரே, அங்கு வாழ்வோர் யாவர், அவர்தம் வருவாய் எத்தன்மையது, மாற்றிடம் உண்டா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காணுதல் வேண்டும். இவ்விடைகளைப் பெறாமல் தொடங்கும் திட்டம் காலத்தையும் மக்கள் நம்பிக்கையையும் ஒருங்கே இழக்க நேரிடும் என்பதைப் பாலியாபால் உணர்த்துகிறது.