பரீட்சையோடு படிப்பு முடிந்துவிடுமா?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் தம்பிலுவில் போன்ற எமது கரையோரக் கிராமங்களில் இருவகை வீடுகளைக் காணலாம். ஒன்றில் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டதென்ற பூரிப்பு. மற்றதில் அடுப்பு மூட்டவும் மனம் வராத துயரம். இரு வீடுகளிலும் மறைந்திருக்கும் எண்ணமோ ஒன்றுதான்: “பிள்ளையின் படிப்புக் கதை இத்தோடு முடிந்தது.” இந்த எண்ணம் சரிதானா?

தம்பிலுவிலிலிருந்து கல்முனை செல்லும் பஸ் அக்கரைப்பற்று, நிந்தவூர் கடந்து காரைதீவை அடையும். அங்கே 1892இல் பிறந்த மயில்வாகனன் என்ற சிறுவனையே பின்னர் சுவாமி விபுலாநந்தர் என உலகம் அறிந்தது. அவரது பெருமையைப் பேசும் நாம், அவர் வளர்ந்த முறையை ஆராய்வதில்லை.

மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் கற்று, இளவயதிலேயே ஆசிரியரானார். உத்தியோகம் கிடைத்ததே, போதும் என அவர் இருந்துவிடவில்லை. 1916இல் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் சித்தியடைந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே படித்து, 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். பகலில் மாணவருக்கு ஆசிரியர்; எஞ்சிய நேரத்தில் தாமே மாணவர்.

பின்னர் துறவு பூண்டார், தமிழ்ப் பேராசிரியரானார். “அப்படியானால் விஞ்ஞானம் படித்தது வீண்தானே?” எனச் சிலர் கேட்கக்கூடும். பழந்தமிழரின் மறைந்துபோன யாழ்களை ஆராயப் புகுந்தபோது அந்தப் படிப்பே அவருக்குக் கைகொடுத்தது. சிலப்பதிகார அரங்கேற்று காதையின் இசைக் குறிப்புகளை நரம்புகளின் அளவாகவும் சுரங்களின் கணக்காகவும் விளக்குவதற்குத் தமிழறிவு மட்டும் போதாது, கணிதமும் வேண்டும். பல்லாண்டு உழைப்பின் கனியாகிய ‘யாழ் நூல்’ 1947 ஜூன் மாதத்தில் அரங்கேறியது. அடுத்த மாதம், ஜூலை 19ஆந் திகதி, அவர் காலமானார். இறுதி ஆண்டுகளிலும் அவர் மாணவராகவே இருந்தார்.

இங்கே நமக்கு இரு பாடங்கள் உள. முதலாவது, நேர்மையாகக் கற்ற எதுவும் வீண்போவதில்லை. வயலில் தந்தைக்கு உதவிய பிள்ளை நீரின் அளவையும் நிலத்தின் குணத்தையும் அறிவான். கடையில் கணக்கு எழுதியவன் மனிதரை அறிவான். அந்த அறிவு என்று, எந்த வேலையில் பயன்படும் என்பதை இன்றே எவராலும் சொல்ல முடியாது. இரண்டாவது, தொழில் கல்விக்கு எதிரியன்று. தொழிலில் எழும் கேள்வியே மேலும் கற்கத் தூண்டும்.

ஆனால் இந்த வளர்ச்சிக்கு வீடு இடங்கொடுக்க வேண்டும். பரீட்சையில் தவறிய மகனை அயல்வீட்டுப் பிள்ளையுடன் ஒப்பிட்டுப் பேசும் ஒரு சொல், அவன் மீண்டும் புத்தகத்தைத் தொடாதபடி செய்துவிடும். கலியாணமான மகள் படிக்க விரும்பினால், “இனி உனக்கு எதற்கு?” என்று கேட்கிறோம். தாமே ஒன்றும் வாசிக்காத தந்தை, “போய்ப் படி” என்று அதட்டினால் பிள்ளை எதைக் கற்கும்? பெற்றார் சொல்வதைவிடச் செய்வதையே பிள்ளைகள் பின்பற்றுவர்.

ஆகவே பெற்றாரே, இந்த வாரம் ஒன்று செய்வோம். இரவுச் சாப்பாட்டின் பின் அரைமணி நேரம் தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் ஒதுக்கிவைத்து, வீட்டார் அனைவரும் ஒன்றாக இருப்போம். அன்று தம் வேலையில் புதிதாகக் கற்ற ஒன்றை ஒவ்வொருவரும் சொல்லட்டும். தந்தை முதலில் தொடங்கட்டும். வயலில் கண்ட புதிய நோயைப் பற்றியோ, வலை பொத்திய விதத்தைப் பற்றியோ அவர் சொல்லலாம். பெறுபேறு பார்த்து மனமுடைந்திருக்கும் பிள்ளையும் அந்த வட்டத்தில் அமர்ந்திருக்கட்டும். தனக்கும் சொல்ல ஏதோ உண்டு என்பதை அப்பிள்ளை உணர்ந்தால், மீண்டும் கற்பதற்கு மனம் தானே எழும்.