100 குதிரைத்திறன் மோட்டாருக்கு 350 ஆம்பியர் பிரேக்கரா?

கேள்வி: 124 ஆம்பியர் மோட்டாருக்கு 350 ஆம்பியர் பிரேக்கரை அமெரிக்க மின்விதி அனுமதிக்கிறதே, கம்பி எரிந்துவிடாதா?

பதில்: மோட்டார் புறப்படும் சில நொடிகளில், சுழலி வேகம் பிடிக்கும்வரை, முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு பாய்வதால், 124 ஆம்பியரை ஒட்டி அமைந்த பிரேக்கர் ஒவ்வொரு முறையும் ட்ரிப் ஆகிவிடும். ஆகவே அமெரிக்கத் தேசிய மின்விதித் தொகுப்பின் 430ஆம் பிரிவு பாதுகாப்பை இரண்டாகப் பிரிக்கிறது. இப்பிரிவினையை உணராதவருக்கே 350 என்னும் எண் அச்சமூட்டும்.

குறுக்குச்சுற்றையும் நிலக்கசிவையும் துண்டிப்பது மட்டுமே பிரேக்கரின் வேலை. மின்னோட்டம் மிகுந்தால் விரைந்தும் குறைந்தால் தாமதித்தும் துண்டிக்கும் பிரேக்கர் வகைக்கு உச்சவரம்பு முழுச்சுமை மின்னோட்டத்தின் 250 விழுக்காடு; இந்த 460 வோல்ட் மும்முனை மோட்டாருக்கு அது 310 ஆம்பியர். அந்த அளவில் பிரேக்கர் இல்லாததால் அடுத்த நிலையான அளவாகிய 350 ஏற்கப்படுகிறது. கணக்கின் அடிப்படை மோட்டாரின் பெயர்ப்பலகை அன்று, விதித்தொகுப்பின் அட்டவணையே; பலர் தவறுவது இங்கேதான்.

கம்பியையும் சுருளையும் நீடித்த மிகைச்சுமையிலிருந்து காப்பது ஸ்டார்ட்டரிலுள்ள ஓவர்லோடு ரிலே. பெயர்ப்பலகை மின்னோட்டத்தில் பொதுவாக 115 அல்லது 125 விழுக்காட்டுக்குள் அமைக்கப்படும் அது, 155 ஆம்பியருக்குக் குறையாமல் தேர்ந்த கம்பி சூடேறும் முன்பே மோட்டாரை நிறுத்திவிடும்.