மாற்றியமைத்த காரில் எஞ்சின் கொதித்தால்

தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஓடும் கார் கொதித்தால், தேய்ந்தது எது, அடைத்தது எது என்று தேடினால் போதும். ஆனால் 2014-இல் உற்பத்தி நின்றுவிட்ட அம்பாஸடரில், 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் இருந்த இடத்தில் டீசல் எஞ்சினை ஏற்றி, ஏ.சி.யும் மின்விசிறியும் பூட்டி, முகப்பில் கூடுதல் விளக்குகளையும் வைத்திருப்பவர், பழுதற்ற புதிய பாகங்களே ஒன்றோடொன்று பொருந்தாமையால் உஷ்ணத்தை விளைவிக்கக்கூடும் என்பதை மனத்திற் கொண்டே விசாரணையைத் தொடங்க வேண்டும். ஆகையால், பெரிய ரேடியேட்டர் வாங்கப் புறப்படுமுன், வண்டியில் மாற்றப்பட்டவற்றையெல்லாம் கால வரிசையில் ஒரு தாளில் எழுதி, எந்த மாற்றத்துக்குப் பின் இந்த உபத்திரவம் தலைகாட்டியது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதி நோய் அந்தத் தாளிலேயே அகப்பட்டுவிடும்.

சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் ஜலம், மூடியின் ஸ்பிரிங் மேலும் ஒரு வாயுமண்டல அளவு அழுத்தத்தைத் தாங்கி நிற்கும்போது ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதியாமல் அடங்கியிருக்கும். திருகிய கணத்திலேயே அது ஆவியாய்ச் சீறி முகத்தைப் பொசுக்கிவிடும். அந்த ஸ்பிரிங் தளர்ந்துபோனாலோ, எஞ்சினில் வேறு குற்றமே இல்லாதபோதும் தண்ணீர் சீக்கிரம் கொதித்து வெளியேறும் என்பதால், விலை குறைந்த அந்த மூடியை முதலில் சோதிப்பதே விவேகம்.

அடுத்தபடியாக உஷ்ணம் காட்டும் மீட்டரைச் சந்தேகியுங்கள். எஞ்சின் ஒரு வண்டியினுடையது, முள் வேறொரு வண்டியினுடையது என்றால், எஞ்சினில் திருகியிருக்கும் சென்சாரும் முள்ளும் ஒரே கணக்கில் பேசுவதில்லை. எஞ்சின் ஆறிய பின் சென்சாரைக் கழற்றி, அதன் வயரை இணைத்தபடியே, உடலை மற்றொரு வயரால் எஞ்சினோடு தொடுத்து, கொதிக்கும் நீரில் அமிழ்த்தி, சாவியைப் போட்டு முள் நிற்கும் இடத்தைப் பாருங்கள்: அந்த இடமே உங்கள் வண்டிக்கு 100 டிகிரி. அது சிவப்புக் கோட்டில் போய் நின்றால், குற்றவாளி மீட்டரே.

உஷ்ணம் மெய்தான் என்று தெளிந்தபின், அது எப்போது ஏறுகிறது என்று கவனிப்பதே இந்தப் பரிசோதனை முழுவதற்கும் உயிர்நிலை. சிக்னலிலும் நெரிசலிலும் ஏறி, நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் இறங்குமானால், குறை காற்றோட்டத்தில் இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு, விசிறி சுழலும்போது, ஏ.சி. கண்டென்ஸரின் முன்புறத்தில் ஒரு செய்தித்தாளை நீட்டுங்கள்; அது உள்ளிழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். தாள் உங்களை நோக்கிப் படபடத்தால், மின்விசிறியின் வயர்கள் இடம் மாறி அது எதிர்த்திசையில் சுழல்கிறது. ஓட்டத்தில் வரும் காற்றோடு அது மல்லுக்கு நிற்பதால் வண்டி கொதிக்கிறது. ஓரளவே ஒட்டினால், விசிறியைச் சுற்றி இருக்கவேண்டிய தகட்டுக் கூண்டு எஞ்சின் மாற்றும்போது கழற்றி எறியப்பட்டதா என்று பாருங்கள். கூண்டில்லாத விசிறி, தன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதியை மட்டும் குளிர்வித்துவிட்டு, மூலைகளை வெறுமே விட்டுவிடும்.

இதற்கு மாறாக, நெரிசலில் சாந்தமாயிருந்து நெடுஞ்சாலையில் ஏறுமானால், தண்ணீரின் ஓட்டத்தை ஆராய வேண்டும். ரேடியேட்டரின் குழாய்கள் அடைத்திருக்கலாம். அல்லது எஞ்சின் வேகமெடுக்கையில் கீழ் ஹோஸ், உள்ளே ஸ்பிரிங் இல்லாமையால், பம்ப் இழுக்கும் இழுப்பில் வயிறு ஒட்டிச் சுருங்கிப் போகலாம். ஒருவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, மற்றொருவர் ஹோஸைக் கண்ணால் பார்த்தாலே இது விளங்கும். கொதிக்கிறது என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது நம் ஊர் ஒர்க்ஷாப்புகளில் நிலைத்துவிட்ட பழக்கம். எனக்கு அதில் சிறிதும் சம்மதமில்லை. சில எஞ்சின்களில் வால்வு போனபின் பைபாஸ் வழி திறந்தே கிடப்பதால், சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டரை எட்டிப்பாராமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். வால்வைக் கம்பியில் கட்டி, தர்மாமீட்டர் வைத்த பாத்திர நீரில் தொங்கவிட்டு, அதன்மேல் பொறித்த டிகிரியில், உதாரணமாக 82-இல், வாய் திறக்கிறதா என்று பார்த்து, நல்லதாயின் மீண்டும் பூட்டுங்கள்.

எஞ்சினின் உச்சியைவிட ரேடியேட்டரின் வாய் தாழ்ந்துவிட்ட வண்டிகளில் காற்று ஹெட்டிலேயே தங்கிவிடுவதுண்டு. வண்டியின் மூக்கை ஜாக்கியால் உயர்த்தி, ஸ்டாண்டின்மேல் பத்திரமாக நிறுத்தி, ஹீட்டர் ஹோஸை அல்லது உச்சியிலுள்ள திருகை நெகிழ்த்தி, காற்று போய் நீர் வழியும்வரை மெதுவாக ஊற்றினால் இது தீரும்.

ஸ்டார்ட் செய்த சில நிமிஷங்களிலேயே ஹோஸ் கல்லைப்போல் இறுகி, நிரப்பும் வாயில் குமிழிகள் ஓயாமல் வந்தால், ஹெட் கேஸ்கட் போயிற்று என்று அனுமானிக்கலாம். கூலன்டில் எரிந்த வாயு கலந்திருப்பதைக் காட்டும் நீலத் திரவத்தால் அதை உறுதி செய்துகொண்டே ஹெட்டைக் கழற்றுங்கள்.

எந்தத் திருத்தமாயினும் ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொரு தடவையும் அதே சாலையில், அதே பகல் வெயிலில், ஏ.சி. போட்டபடி ஓட்டி, முள் நின்ற இடத்தை முன்பு எழுதிய தாளிலேயே குறித்து வாருங்கள். இரண்டை ஒருங்கே மாற்றினால் குணப்படுத்தியது எது என்று தெரியாமல் போய்விடும்.